புளூட்டோனியமும் நம் மண்ணும்

கேள்வி: மீத்தேன் திட்டத்தை எதிர்த்த எங்கள் டெல்டாவுக்கு வடக்கே கல்பாக்கம், தெற்கே கூடங்குளம். அணு உலைகளில் பயன்படுத்திய எரிபொருளை எங்கள் பகுதியில் புதைத்துவிடுவார்களா? அதிலிருந்து புளூட்டோனியத்தை எதற்காகப் பிரிக்கிறார்கள்?
— ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஆழ்நிலப் புதைகுழிக்குக் கெட்டியான, நீர் ஊடுருவாத பாறை வேண்டும், பின்லாந்து தன் ஓன்கலோ சுரங்கத்தை 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், தொன்மையான பாறையில்தான் குடைந்திருக்கிறது. வண்டலும் நிலத்தடி நீரும் நிறைந்த டெல்டா அதற்குப் பொருந்தாத நிலம் என்பதால், அந்த அச்சத்துக்கு இடமில்லை.

இரண்டாவது கேள்விதான் கனமானது. 1977-இல் அதிபர் கார்ட்டர், புளூட்டோனியம் அணுகுண்டுக்கும் பயன்படும் என்பதால், பயன்படுத்திய எரிபொருளிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வணிக மறுசுழற்சியை அமெரிக்காவில் காலவரையின்றி ஒத்திவைத்தார். யுரேனிய இருப்பு குறைவாகவும் தோரியம் மிகுதியாகவும் உள்ள இந்தியாவோ, பயன்படுத்திய எரிபொருளைக் கழிவாகக் கருதாமல், அதிலுள்ள புளூட்டோனியத்தைப் பிரித்து வேக ஈனுலைகளுக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனவும், பின்னாளில் தோரியத்தை எரிபொருளாக்கவும் உதவும் அணு உலைகள்) தரும் வழியைத் தேர்ந்தது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலை அதற்காகவே கட்டப்பட்டது. ஆயினும் மறுசுழற்சிக்குப் பின்னும் உயர் கதிரியக்கக் கழிவு எஞ்சும். அதைக் கண்ணாடியோடு உருக்கி இறுக்கிவைத்தாலும், இறுதி இருப்பிடம் தேவைப்படும். கூடங்குளம் வழக்கின் 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் நிரந்தரப் புதைகுழிக்கான நடவடிக்கைகளை விரைவுபடுத்தச் சொன்னது. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் ஆகும் (கல்லணைக்கு வயது சுமார் 2,000). எனவே எங்கே, யார் பொறுப்பில், எத்தனை காலம் என்பதை அரசு மக்கள் முன் வைத்தாக வேண்டும் என்பதே என் கருத்து.