சேத்தக் இன்ஜினைப் பிரிக்கிறீர்களா? கழுவுமுன் பாருங்கள்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பச்சி ஓட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் பஜாஜ் சேத்தக். காரைக்குடி போய்த் திரும்புவதற்குள் இழுவை போய்விடுகிறது. சூடானபின் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை, வெள்ளையாகப் புகை தள்ளுகிறது. முழு இன்ஜினையும் இறக்கணும் என்கிறார் மெக்கானிக். நானே பிரித்துப் பார்க்கலாமா?”

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கழற்றியதுமே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிடாதீர்கள். கரியும் பிசுக்கும் எங்கே படிந்திருக்கின்றன என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். முதலில் பாருங்கள், போட்டோ எடுங்கள், அப்புறம் கழுவுங்கள்.

ஸ்பேனரை எடுக்குமுன் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். வெளியே ஒழுகாமலே ஆயில் குறைந்திருந்தால், கிளட்ச் பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, இன்ஜின் கியர் ஆயிலை இழுத்து எரிக்கிறது. வெள்ளைப் புகை அதனால்தான். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலும் இந்த சீல்மேல்தான் சந்தேகம். அப்படியென்றால் மெக்கானிக் சொன்னது சரி, பெரும்பாலும் கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸைப் பிரித்தே ஆகவேண்டும். ஆயில் குறையவில்லையா? அவசரப்படாதீர்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பதற்கு மேல் ஊற்றுகிறீர்களா, சைலன்சர் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சர் அடைப்பு ஒன்றே போதும், வண்டி இழுக்காது.

அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக்கை மாட்டிக் கிக்கரைக் கையால் அழுத்துங்கள். முன்பைவிட இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ, பிஸ்டன் ஓடும் துளையான போரோ தேய்ந்திருக்கிறது. ஹெட்டையும் பிளாக்கையும் (சிலிண்டர்) மட்டும் கழற்ற இன்ஜினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. பிளாக் வெளியே வந்ததும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். உள்ளே பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சிறு கம்பி வளையமான சர்க்கிளிப் ஒன்று விழுந்தாலும் வேலை இரட்டிப்பாகும்.

பிஸ்டனில் ரிங்குக்குக் கீழே பழுப்பாகக் கறை இறங்கியிருந்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கசிகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் ஆழமாகக் கீறி, அலுமினியம் போரில் அப்பியிருந்தால் பிஸ்டன் சூட்டில் இறுகி ஒருமுறை சீஸ் ஆகியிருக்கிறது. சுற்றிலும் மங்கலாக, மெல்லிய நேர்க்கோடுகள் தெரிந்தால் அது தூசியின் வேலை. நம் பக்கத்துச் செம்மண் புழுதி மிகவும் பொடி. ஏர் ஃபில்டர் கிழிந்த வண்டியில் அது பெட்ரோலோடு கலந்து, தேய்க்கும் பசையாகிவிடுகிறது.

சேத்தக்கில் இந்தப் புழுதியை நான் பெரிதாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இதில் பெட்ரோல்-காற்றுக் கலவை நேராகக் கிராங்க் கேஸுக்குள் போகிறது. அந்த வழியைத் திறந்து மூடுவது கிராங்கின் வட்டுதான். அது உரசாமல் ஒட்டிச் சுழலும் அலுமினியப் பரப்பில் புழுதி கீறல் போட்டால் மூடல் சரியாக இருக்காது, கலவை கார்புரேட்டர் வழியே திரும்பித் துப்பும். புது ரிங், புது பிஸ்டன் எது போட்டாலும் தீராத கோளாறு இது. பிரிக்காமலே சோதிக்கலாம்: கார்புரேட்டரைக் கழற்றி, கிராங்க் முனையிலுள்ள காந்தச் சக்கரமான மேக்னட்டைத் திருப்பி வழியை மூடிவைத்து, அந்தக் குழியில் சிறிது ஆயில் விடுங்கள். மெதுவாக இறங்கினால் நல்லது. மளமளவென்று இறங்கினால், எதையும் வாங்குமுன் அந்தப் பரப்பை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுங்கள். அந்தத் திசையில் ஆட்டமே கூடாது, இருந்தால் கிராங்க் வெளியே வரவேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்புதான், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மேக்னட்டை மட்டும் சுத்தியலால் தட்டாதீர்கள், புல்லர் என்ற கழற்றும் கருவியைப் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

தேய்ந்த போரைக் கடைந்து பெரிதாக்க, அதாவது போர் அடிக்க, வேண்டி வந்தால், பிஸ்டனை வாங்கிக்கொண்டு பிளாக்கோடு லேத்துக்குப் போங்கள். கையிலிருக்கும் பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்கவேண்டும். அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் இப்போது அந்த சைஸ் கிடைக்காமலே போகலாம்.