கையும் களிமண்ணும்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர், விருத்தாசலத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகப் பீங்கான் கலை கற்றுத்தரும் ஆசிரியை.)

கேள்வி: டீச்சர், புதுச்சேரியில் அமெரிக்கர்கள் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். பானை செய்ய நமக்கு அமெரிக்கர்கள் வந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டுமா? – கும்பகோணம் வாசகி

உங்கள் கோபம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது, அம்மா. நம் ஊர்க் குயவர், அதாவது வேளார் ஒருவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தில் பானையின் வாயும் தோளும்தான் உருவாகும். அடி திறந்தே இருக்கும். அறுத்தெடுத்து, பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவார். அந்தக் கைப்பாடத்தை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கோல்டன் பிரிட்ஜ் கொண்டுவந்தது வேறொன்று. நம் செம்மண் பானை ஆயிரம் டிகிரிக்குள் வெந்துவிடும்; அதனால்தான் அது நீரைக் கசியவிட்டுக் குளிரவைக்கிறது. ஸ்டோன்வேர் என்கிற வகைக்கு 1,250 முதல் 1,300 டிகிரி வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகும், மேலே பூசிய கிளேஸ் உருகிக் கண்ணாடியாகும். சாதாரணச் செம்மண்ணை அந்தச் சூளையில் வைத்தால் உப்பி, சரிந்து, தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மண்ணிலிருந்தே புதிதாகத் தொடங்கவேண்டிய வேலை அது.

தொடங்கியவர் டெபோரா ஸ்மித். கலிபோர்னியாவில் படித்து, ஜப்பானில் பிஸென் என்ற ஊரில் பயின்றவர். பிஸென் பாண்டத்துக்குக் கிளேஸே கிடையாது. நாள்கணக்கில் விறகு எரித்து, பறக்கும் சாம்பல் விழுந்த இடத்தில் வரும் நிறம்தான் அதற்கு அழகு. அங்கிருந்து புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தவர், அன்னையின் இசைவோடு 1971-இல் இந்தப் பட்டறையைத் தொடங்கினார். ரே மீக்கர் அவரோடு சேர்ந்தார். மீக்கர் கட்டடக்கலை படிக்கப்போய், பிறகு மண்ணுக்குத் திரும்பியவர். தேநீர்க் கோப்பை, தட்டு, கிண்ணம் என்று பட்டறையின் அன்றாட உற்பத்தியை டெபோரா கவனித்துக்கொண்டார். மாணவர்களை எடுத்து வளர்த்தது பெரும்பாலும் மீக்கர். சூளைக்கு நம் கடற்கரையில் வளரும் சவுக்கு விறகு.

மீக்கரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் வீட்டையே சுட்டது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பச்சை மண்கல்லால் வளைவுக் கூரையோடு வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, அந்த வீட்டையே சூளையாக்கி நெருப்பு மூட்டுவார். வெந்து முடிந்தால் சுவர் மழைக்குக் கரையாது. உள்ளே வெந்த சரக்கை விற்றால் விறகுச் செலவில் ஒரு பங்கு திரும்பிவிடும். ஈரானில் நாதர் கலீலி என்ற கட்டடக் கலைஞர் இதை ஏற்கெனவே செய்துபார்த்திருந்தார். மீக்கர் 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல் இதிலேயே உழைத்தார். ஊர் முழுக்கப் பரவும் வழியாக அது அமையவில்லை. அப்புறம் ஆள் உயரத்தைத் தாண்டும் சிற்பங்கள் செய்யப் போனார். அந்தச் சிற்பங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வீடுகள்தான் நினைவுக்கு வரும்.

அவரிடம் படித்தவர்களில் வினீத் காக்கரும் ஆதில் ரைட்டரும் அவரைப் போலவே கட்டடக்கலையிலிருந்து வந்தவர்கள். ஆதில் ஆரோவில்லிலேயே தங்கி வேலை செய்பவர். ஆனால் நான் பெரிதாக நினைப்பது கண்காட்சிப் பட்டியலில் வராதவர்களை. பட்டறையில் கூலி வேலைக்குச் சேர்ந்து, மண் மிதித்து, சக்கரம் பழகி, பிறகு தாங்களே சொந்தச் சூளை போட்ட அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். புதுச்சேரியின் சாலையோரக் கடையில் நீங்கள் வாங்கும் நீலக் கோப்பையில் அந்தக் கைப்பழக்கம் இருக்கும். சிலர் இதை நகல் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வேளார் தெருவில் எல்லார் வீட்டுப் பானையும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? அதை யாரும் நகல் என்று சொன்னதில்லையே.

கேள்வி: நான் செய்யும் கோப்பைகளின் கைப்பிடி காய்ந்ததும் வெடித்துவிடுகிறது. என்ன தப்பு? – ஓசூர் வாசகர்

கோப்பை காய்ந்தபின் ஈரக் கைப்பிடியை ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மண் காயும்போது சுருங்கும். ஏற்கெனவே சுருங்கிவிட்ட கோப்பையில் இனிமேல் சுருங்கப்போகும் பிடியை ஒட்டினால் அது பிய்த்துக்கொண்டுதான் வரும். இரண்டும் தோல் பதத்தில், அதாவது நகம் அழுந்தும், ஆனால் வளையாத பதத்தில் இருக்கவேண்டும். ஒட்டும் இடத்தில் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்துங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி இரண்டு நாள் விடுங்கள்.

கேள்வி: மகள் பி.காம். முடித்துவிட்டு பாட்டரி படிக்கவேண்டும் என்கிறாள். பிழைக்க முடியுமா? – அம்பத்தூரிலிருந்து ஒரு தந்தை

என் அப்பா விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு சிறு யூனிட்டில் வேலை பார்த்தார். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வரும் வெள்ளை மண்ணை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சூளை பிரித்ததும் அப்பா ஒவ்வொரு கட்டையையும் விரலால் சுண்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் நல்லது. சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே விரிசல். அந்தக் காதை வைத்துத்தான் எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார்.

ஆகவே பிழைக்க முடியும், ஐயா. ஆனால் முதல் மூன்று வருடம் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். சூளை வாங்கித் தருகிறேன் என்று இப்போதே கடன் எடுக்கவும் வேண்டாம். ஒரு பட்டறையில் ஆறு மாதம் மண் பிசையட்டும். ஆறாவது மாதமும் காலையில் அவளே எழுந்து கிளம்பினால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். அவள் படித்த பி.காம். வீணாகாது. கணக்குத் தெரியாமல் மூடிய பட்டறைகள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு இருக்கின்றன.

கேள்வி: ஆசிரியராக நீங்கள் செய்த மறக்கமுடியாத தவறு? – நாகர்கோவில் வாசகி

நான் வேலை பார்த்த முதல் பள்ளியில், ஒரு ஐப்பசி மாதம். கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 23 பேர் யானை செய்திருந்தார்கள், கால்கள் எல்லாம் கெட்டியாக. அடைமழை. காயவில்லை என்று தெரிந்தும் சூளையில் ஏற்றினேன். நூறு டிகிரியைத் தொட்டதும் மண்ணுக்குள் இருந்த நீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல், பட் பட்டென்று வெடித்தது. நான் சூளைக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு.

மறுநாள் ஒரு பையன் தன் யானையின் துண்டுகளை டிபன் பாக்ஸில் பொறுக்கி வைத்துக்கொண்டு, "மிஸ், தும்பிக்கை மட்டும் கிடைக்கல" என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது எதற்கென்றே புரியவில்லை.

இப்போதெல்லாம் சூளை ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. யார் கேட்டாலும் அந்த வாரம் சூளை கிடையாது.