மூன்றில் ஒரு பங்கு கையில் இருந்தால் மீதியைக் கேட்கலாம்

கேள்வி: எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தன்னார்வக் குழுவாக இயங்குகிறோம். பள்ளி, குளம் மாதிரியான ஊர் வேலைகளுக்கு அரசிடமோ கம்பெனிகளிடமோ நிதி வாங்க முடியுமா? சங்கத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டுமா?

பதில்: முடியும். அரசிடம் கேட்பதென்றால் பதிவு இல்லாமலேகூட முடியும். ஆனால் "ஒரு மனு எழுதிக் கொடுத்தால் பணம் வரும்" என்று நினைத்துக்கொண்டு போனால் மனு எண் மட்டும்தான் வரும். நாங்கள் அப்படித்தான் முதல் ஒரு வருடத்தைத் தொலைத்தோம்.

எங்கள் ஊர் தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லையில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு பக்கம் சுற்றுச்சுவர் கிடையாது. பகலில் ஆடு வரும், இரவில் குடிகாரர்கள் வருவார்கள். காலையில் பிள்ளைகள் வருவதற்குள் சத்துணவு ஆயாதான் பாட்டில் பொறுக்குவார். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மூன்று தடவை மனு கொடுத்தோம். மூன்று தடவையும் "நிதி ஒதுக்கீடு வந்தவுடன் பரிசீலிக்கப்படும்" என்று பதில். நான்காவது தடவை ஒன்றிய அலுவலகத்தில் ஒரு ஓவர்சியர்தான் கேட்டார்: "தம்பி, ஊர்ல எவ்வளவு புரட்டுவீங்க? நமக்கு நாமேல போட்டுடலாம்."

நமக்கு நாமே திட்டம் 1997-98இல் வந்தது. ஆட்சி மாறியதும் 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் ஓடியது. 2021இல் மறுபடி பழைய பெயருக்கே திரும்பியது. பலகை மாறினாலும் சாரம் மாறவில்லை. வேலைக்கு ஆகும் செலவு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். தனி ஆளும் கட்டலாம், குழுவும் கட்டலாம், கம்பெனியும் கட்டலாம். வேலை பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். கோயில், சர்ச், பள்ளிவாசல் வேலைக்கெல்லாம் கிடையாது.

இன்னொரு விதியை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். ஊர்ப் பங்கு பாதிக்குக் குறைந்தால் வேலை டெண்டருக்குப் போகும். பாதியோ அதற்கு மேலோ கட்டினால் பணம் கொடுத்தவர்களே வேலையை எடுத்துச் செய்யலாம். நாங்கள் மூன்றில் ஒரு பங்கோடு நின்றதால் ஒப்பந்தக்காரர் வந்தார். பிறகு எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூசி அதிகமா இல்லையா என்று அவரோடு தினமும் வாக்குவாதம். உங்கள் ஊரில் நல்ல கொத்தனாரும் கூடுதலாகப் பணம் திரட்டும் தெம்பும் இருந்தால் பாதிக்கு முயற்சி செய்யுங்கள். வேலையைச் சிறியதாக்கியாவது பாதி கட்டுங்கள் என்பது என் கருத்து.

சரி, பணம் திரட்டிய கதைக்கு வருகிறேன். முதல் மதிப்பீடு 8,40,000 ரூபாய். எங்கள் பங்கு 2,80,000. எங்கள் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும், தெரிந்திருக்கும். "சுவருக்கு ஒரு மொய் விருந்து வைத்துவிடலாம்" என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒருவர், "மொய்ங்கறது திருப்பிச் செய்ய வேண்டிய கடன்டா. சுவரு யாருக்குத் திருப்பிச் செய்யும்?" என்றார். அதோடு அந்த யோசனை முடிந்தது. ரசீதுப் புத்தகம் அடித்து வீடு வீடாகப் போனோம்.

வசூலான பணத்தை, கேட்டால் சிரிப்பீர்கள், எங்களில் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தோம். நல்ல பையன், நம்பிக்கையான ஆள். ஆனால் அதே கணக்கில்தான் அவனுடைய பைக் கடனுக்கான தவணையும் தானாகக் கழியும். ஐந்தாம் தேதி 4,850 ரூபாய் போய்விட்டது. அவன் மறுநாளே கொண்டுவந்து கட்டிவிட்டான். ஆனாலும் டீக்கடையில் அது "சுவர்ப் பணத்துல பைக் வாங்கிட்டான்" என்று ஆகிவிட்டது. இரண்டு பேர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், அரசு கேட்காவிட்டாலும் பதிவு செய்துகொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ஆனால் பதிவு செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வருடா வருடம் தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். இதை விட்டுவிட்டு அபராதம் கட்டும் சங்கங்கள் ஏராளம்.

கம்பெனிப் பணம் வேறு உலகம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். ஆனால் அதை நேரடியாக வாங்கிச் செலவழிக்கும் சங்கத்துக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், மூன்று ஆண்டு வேலை செய்த வரலாறும் வேண்டும். நேற்று ஆரம்பித்த குழுவுக்கு இது ஆகாது. அரசுப் பள்ளி வேலை என்றால் சுலபமான வழி உண்டு: 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் மூலம் கொடுக்கச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்கலாம். பணம் உங்கள் கைக்கு வராது, வேலை நடக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் வாங்கும்போது மட்டும் கவனம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் வங்கி வழியாக அனுப்பும் பணத்தில் சிக்கல் இல்லை. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. எப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான அனுமதி இல்லாமல் தொடக் கூடாது, சொந்த மாமா மகனாக இருந்தாலும்.

மறுபடி சுவருக்கு. கிராம சபையில் தீர்மானம் போட்டு வைத்துக்கொண்டது உதவியது. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கவேண்டும். கோப்பு ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்குப் போய், ஒரு தேர்தல் அறிவிப்பில் மாட்டி, நிர்வாக அனுமதி வருவதற்குள் புது விலைவிகிதப் பட்டியல் வந்துவிட்டது. மதிப்பீடு 9,06,000 ஆனது. எங்கள் பங்கில் 22,000 ரூபாய் துண்டு விழுந்தது. அதற்கு மறுபடி வசூலுக்குப் போனால் யார் கொடுப்பார்கள்? நாங்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டி.டி. எடுத்தோம். நீங்கள் வசூலிக்கும்போதே பத்து சதவீதம் சேர்த்து வசூலியுங்கள்.

அப்புறம், ஓவர்சியர் அளந்து எழுதும்போது கூடவே நில்லுங்கள். மதிப்பீட்டின் நகலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். நாங்கள் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தோம். தொண்ணூறு மீட்டர் சுவர் அம்சமாக எழும்பி, வெள்ளையும் அடித்தாயிற்று. நடுவில் பத்தடி இடைவெளி. "இங்க கேட் எப்பங்க மாட்டுவீங்க?" என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டோம். மதிப்பீட்டைப் பிரித்துக் காட்டினார். அதில் கேட்டே இல்லை. மூன்று மாதம் மூங்கில் தட்டி கட்டி வைத்திருந்தோம், ஆடுகள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தன.