பெட்ரோல் வாசனையும் ரீகால் அலைச்சலும்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இருபத்து மூன்று வருடமாகக் கார் ரிப்பேர்தான் என் தொழில். முதல் பதினோரு வருடம் ஒரு டீலரின் சர்வீஸ் சென்டரில் இருந்தேன். அப்புறம் கோவையில் சொந்தப் பட்டறை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவன் என்பதால், பெட்ரோல் கசிவு, ரீகால் வேலை (கோளாறு உள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் புகார்களில் இருந்த கம்பெனி, டீலர் பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி, திண்டுக்கல்: டேங்க் ஃபுல் பண்ணிய அன்று மட்டும் காருக்குள் பெட்ரோல் வாசனை வருகிறது. அரை டேங்குக்குக் கீழே இறங்கினால் இல்லை. "எல்லாக் காரிலும் அப்படித்தான் சார்" என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். அப்படியா அண்ணே?

பதில்: இல்லை தம்பி. கதவைச் சாத்திய காருக்குள் பெட்ரோல் வாசனை வரவே கூடாது. ஃபுல் பண்ணினால் மட்டும் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. கசிவு பெரும்பாலும் டேங்கின் மேல்பக்கம். பெட்ரோல் அந்த மட்டத்துக்கு ஏறும்போது கசிகிறது, இறங்கினால் நின்றுவிடுகிறது.

பெரும்பாலான சின்னக் கார்களில் டேங்க் பின் சீட்டுக்கு அடியில்தான். சீட்டைத் தூக்கினால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஃப்யூயல் பம்பின் தலை தெரியும். அதைச் சுற்றிப் படிந்திருக்கும் தூசியைப் பாருங்கள். நல்ல வண்டியில் அது உலர்ந்து கிடக்கும், ஊதினால் பறக்கும். கசிகிற வண்டியில் ஒரு பக்கம் மட்டும் ஈரமண் மாதிரி கறுத்து அப்பிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டு முகர்ந்தால் சந்தேகமே இருக்காது. பகல் வெளிச்சத்தில், நான்கு கதவையும் திறந்துபோட்டு, இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். சாவி வெளியே இருக்கட்டும். ஈரமாக இருந்தால் அப்படியே ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் துடைத்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்று சொல்ல முடியாது பாருங்கள்.

இது நம் ஊரில் புதிதும் அல்ல. 2010 பிப்ரவரியில் மாருதி ஏறத்தாழ ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது இதே பம்பின் கேஸ்கெட்டுக்காகத்தான், அதாவது கசியாமல் அடைத்து நிற்கும் வளையத்துக்காக. 2014 ஏப்ரலில் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா சேர்த்து 1,03,311 வண்டிகளை அழைத்தார்கள். அப்போது கோளாறு ஃபில்லர் நெக்கில், அதாவது பெட்ரோல் ஊற்றும் குழாயில். பங்க்கில் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் நிரப்பினால் வாசனையோ கசிவோ வரலாம் என்று கம்பெனியே சொன்னது. ஆகவே "அப்படித்தான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இன்னொன்று, "ரவுண்டா ஐந்நூறு போட்டுடறேன்" என்று பங்க் தம்பி இன்னும் இரண்டு தடவை அமுக்குவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி ஏறும் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியாக, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதையும் கெடுக்கும்.

கேள்வி, சேலம்: ரீகால் என்று மெசேஜ் வந்தது. மூன்று தடவை போய்விட்டேன், "பார்ட்ஸ் வரல". ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போகிறது. வண்டியை ஓட்டலாமா?

பதில்: எதற்கான ரீகால் என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் பம்ப் சம்பந்தப்பட்ட ரீகால் எல்லாமே கசிவு ஆகாது. ஹோண்டா 2024 அக்டோபரில் 90,468 பழைய கார்களை அழைத்தது, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் கெட்டுப்போகலாம் என்பதற்காக. அதில் பயம் தீப்பிடிப்பது அல்ல, வண்டி நடுரோட்டில் நின்றுபோவது. அந்த மாதிரி என்றால் பைபாஸைத் தவிர்த்து ஊருக்குள் ஓட்டிக்கொள்ளலாம். கடிதத்தில் "கசிவு" என்ற வார்த்தை இருந்தாலோ, உங்கள் மூக்குக்கே வாசனை தெரிந்தாலோ ஓட்டாதீர்கள். டோ வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

பார்ட்ஸ் விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன். ஒரே நாளில் அறுபதாயிரம், எழுபதாயிரம் வண்டிக்கு அறிவிப்பு வரும். உதிரி பாகம் அந்த வேகத்துக்கு வராது. அது நிஜம். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் இன்னொன்றும் நடந்தது. ரீகால் வேலைக்குக் கம்பெனி தரும் கூலி, கஸ்டமரிடம் வாங்கும் கூலியைவிடக் குறைவு. அதனால் காசு கொடுக்கும் வண்டி முதலில் லிஃப்ட்டில் ஏறும், ரீகால் வண்டி வெயிலில் நிற்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், அன்று வாயைத் திறக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

போன் பண்ணிக் கேட்பதை நிறுத்துங்கள். வண்டியை விடும் ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு (வண்டிக்கு என்ன வேலை என்று எழுதும் சீட்டு) போடச் சொல்லி, "ரீகால் வேலைக்கு வந்தது, பாகம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். அதைப் படம் எடுத்துக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்புங்கள். வாங்கிய டீலரிடம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. அதே கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் செய்துகொள்ளலாம். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ அந்தப் பாகம் கையிருப்பில் இருக்கலாம்.

கேள்வி, நியூஜெர்சி: அண்ணா, இங்கே ஃபோர்டு ரீகாலில் பார்ட்டையே மாற்றாமல் சாஃப்ட்வேர் மட்டும் போட்டார்கள் என்று படித்தேன். அப்படிக்கூடச் செய்வார்களா?

பதில்: செய்தார்கள். 2022 நவம்பரில் எஸ்கேப், ப்ராங்கோ ஸ்போர்ட் மாடல்களில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் உள்ளவற்றை அழைத்தது ஃபோர்டு. அமெரிக்காவில் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் விரிசல் விட்டு, சூடான பாகத்தின் மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடிக்கலாம் என்பது கோளாறு. அதற்குக் கொடுத்த தீர்வு, பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர், கூடவே சொட்டும் பெட்ரோலைச் சூடான இடத்திலிருந்து விலக்கிக் கீழே விடுகிற ஒரு குழாய். விரிசல் விடுகிற இன்ஜெக்டர் அதே இடத்தில் இருந்தது. 2024-இல் மேலும் 42 ஆயிரம் சொச்சம் வண்டிகளுக்கும் இதே வைத்தியம். அந்தத் தீர்வு போதுமா என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ விசாரணை தொடங்கியது. 2025 ஜூலையில் ஏறத்தாழ 6 லட்சத்து 94 ஆயிரம் வண்டிகளைத் திரும்பவும் அழைத்தார்கள், முன்பே ரீகால் வேலை முடித்தவற்றையும் சேர்த்து.

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ஓட்டை விழுந்த குடத்துக்கு அடியில் பாத்திரம் வைத்துவிட்டுக் குடத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று சொல்வது என்ன நியாயம்? ஆறு லட்சம் வண்டிக்கு இன்ஜெக்டர் மாற்றினால் ஆகும் செலவு எனக்கும் புரிகிறது. ஆனால் பின் சீட்டில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? இரண்டு தடவை லீவு போட்டவர் மூன்றாவது கடிதத்தைப் பிரிக்கக்கூட மாட்டார். அரைகுறை ரீகாலின் பெரிய கெடுதல் அதுதான்.

கேள்வி, நாகர்கோவில்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். எனக்கு ரீகால் கடிதம் வருமா?

பதில்: வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். கம்பெனியிடம் இருப்பது முதல் ஓனரின் நம்பர். ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்க சேஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வேலை பாக்கி இருந்தால் எத்தனையாவது ஓனராக இருந்தாலும், வாரன்ட்டி முடிந்திருந்தாலும் இலவசம்தான். அப்படியே உங்கள் போன் நம்பரையும் சர்வீஸ் சென்டரில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி, மதுரை: ரீகாலில் பம்ப் மாற்றினார்கள். அதற்கு முன்பு இல்லாத வாசனை இப்போது இருக்கிறது சார். "புது பம்ப், ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது.

பதில்: வேலை செய்யும்போது சிந்திய பெட்ரோல் ஒரு நாளில் ஆவியாகிவிடும். ஒரு வாரம் வாசனை வந்தால் பொருத்தியதில் தப்பு. இன்றே கொண்டு போங்கள்.

பம்புக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. அது நிஜமாகவே மலிவான சாமான். பழையது பெட்ரோலில் ஊறிக் கொஞ்சம் பெருத்துப்போய் இருக்கும், பள்ளத்தில் உட்காராது. அதையே திரும்பப் போட்டு லாக் ரிங்கைத் திருகினால் ஒரு ஓரத்தில் மடிந்து நசுங்கும். போன வருடம் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது, வேறு இடத்தில் பம்ப் மாற்றியது. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங்கில் ஓரிடம் மட்டும் முறுக்குப் பிழிந்த மாதிரி பிதுங்கி, நடுவில் பிளந்திருந்தது. அந்தக் காரில் ஒரு தாத்தா பேரனைத் தினமும் பள்ளிக்கூடம் கொண்டு போய்க்கொண்டிருந்தார். இன்னொரு தப்பு, ஹோஸை மாட்டும்போது "டிக்" என்று சத்தம் வரும் வரை அமுக்காமல் விடுவது. பார்க்க மாட்டிய மாதிரியே இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அழுத்தம் ஏறினால் கசியும்.

ஆகவே சூப்பர்வைசரை அழைத்து, உங்கள் கண் முன்னால் சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். டேங்க் ஃபுல்லாக இருக்கும்போது, இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். காலி டேங்கோடு பார்த்துவிட்டு "செக்டு ஓகே" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். புது ஓ-ரிங்கின் பார்ட் நம்பர் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி, தஞ்சாவூர்: எலி பெட்ரோல் ஹோஸைக் கடித்துவிட்டது. டேப் சுற்றி ஓட்டலாமா?

பதில்: கூடாது. டேப்பின் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடும். ஹோஸையே மாற்றுங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடுகிற மெக்கானிக்கும் உண்டு, இன்ஜெக்ஷன் வண்டிக்கு உரிய ஃப்யூயல் ஹோஸ்தானா என்று கேளுங்கள். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பும் சரியாக இருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் வேகன்-ஆர் 1 லிட்டர் வண்டிகள் 40,618-ஐ மாருதி திரும்ப அழைத்ததே, ஃப்யூயல் ஹோஸ் உலோக கிளாம்ப்பில் உரசுகிறது என்பதற்காகத்தான். எலி வந்த வழி எனக்குத் தெரியும், தோட்டத்துப் பக்கம் நிறுத்துகிறீர்கள்!

கேள்வி, திருநெல்வேலி: என்னுடையது டீசல். இன்ஜின் பக்கம் ஈரம் தெரிகிறது. டீசல் பெட்ரோல் அளவுக்குத் தீப்பிடிக்காதுதானே?

பதில்: அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது, சரி. ஆனால் ஓடுகிற இன்ஜினில் கையை வைத்துக் கசிவைத் தேடாதீர்கள். டீசலை இன்ஜெக்டர்களுக்குக் கொண்டுபோகும் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். மயிரிழை விரிசலில் இருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

கேள்வி, ஓசூர்: 2016 மாடல் வைத்திருக்கிறேன். இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் ரப்பர் கரைந்து கசியும் என்கிறார்களே?

பதில்: நாளைக்கே கரைந்துவிடாது. ஆனால் பயம் காரணமில்லாததும் அல்ல. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. ஒவ்வொரு சர்வீஸிலும் ஹோஸை விரலால் மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசு என்று இளகி இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

கேள்வி, சென்னை: எங்கள் மாடலில் நாற்பது பேருக்கு ஒரே கசிவு. கம்பெனி ரீகால் அறிவிக்க மறுக்கிறது, தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டு சரிசெய்கிறது. என்ன வழி?

பதில்: முன்பெல்லாம் ரீகால் என்பது கம்பெனி மனது வைத்தால்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவைச் சேர்த்தார்கள், விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் கோளாறு இருந்தால் மத்திய அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம். அபராதம் 10 லட்சத்தில் இருந்து 1 கோடி வரை. ஆனால் அந்த மாடலின் விற்பனையைப் பொறுத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர வேண்டும். நாற்பது பேரும் உங்களுக்குள் புலம்பிக்கொள்வதால் அந்தக் கணக்கில் ஒன்றுகூட ஏறாது. ஒவ்வொருவரும் அரசின் வாகனப் போர்ட்டலில் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

கொடுத்த காசுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். பல வழக்கு அந்த நிலையிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கோளாறு தெரிந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். காரின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. சேலம் நண்பருக்குச் சொன்ன ஜாப் கார்டுகள்தான் அங்கே பேசும்.

கேள்வி, வேலூர் அருகே ஹைவே: அண்ணா, இப்போது வண்டியை ஒரு ஓட்டல் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஏசி போட்டாலே பெட்ரோல் வாசனை தாங்கவில்லை. பெங்களூருக்கு இன்னும் 200 கிலோமீட்டர். ஓட்டிவிடவா? குடும்பத்தோடு இருக்கிறேன்.

பதில்: ஓட்டாதீர்கள். எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். ஆகவே வண்டியிலிருந்து நன்றாக விலகி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். பக்கத்தில் யாராவது சிகரெட் பிடித்தால் அணைக்கச் சொல்லுங்கள். சாவியைத் திரும்பவும் போட்டுப் பார்க்காதீர்கள், சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடிப் பெட்ரோலைத் தள்ளும். போனட்டையும் திறக்க வேண்டாம். கம்பெனியின் ரோடு சைடு நம்பர் இன்ஷூரன்ஸ் பேப்பரிலோ கண்ணாடி ஸ்டிக்கரிலோ இருக்கும், கூப்பிட்டு "பெட்ரோல் கசிவு, ஃப்ளாட்பெட் வேண்டும்" என்று சொல்லுங்கள், காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி அது.

அவரே இரண்டு மணி நேரம் கழித்து: ஃப்ளாட்பெட் வந்துவிட்டது அண்ணா. ஏற்றும்போது டிரைவர் அடியில் பார்த்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் தட்டு அளவுக்கு ஈரம். நாங்கள் பஸ்ஸில் போகிறோம்.

பதில்: சந்தோஷம். அந்த ஈரத்தைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் ஜாப் கார்டு போடும்போது காட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் சேஸ் நம்பரை அனுப்புங்கள், ரீகால் பாக்கி இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.