தெர்மோஸ்டாட் மாற்றி 19 நாளில் இன்ஜின் சூடாகி நின்றது: ஒர்க்‌ஷாப் பொறுப்பா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 9 வருடம் ஓடிய டீசல் கார், சொந்த உபயோகம். டெம்பரேச்சர் முள் அடிக்கடி ஏறுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட, தெர்மோஸ்டாட்டும் (சூட்டுக்கு ஏற்ப கூலண்ட்டைத் திறந்துவிடும் வால்வு) அதன் ஹவுசிங்கும் (அது உட்காரும் கூடு) போய்விட்டது என்று சொல்லி, அவர்களே பார்ட்ஸ் வாங்கிப் போட்டு, கூலண்ட்டும் சேர்த்து 6,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில் கிடையாது, கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டும் யூபிஐயில் பணம் போன பதிவும்தான் இருக்கின்றன. 19 நாள் கழித்து சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டிலிருந்து ஆவி. ஹவுசிங் பக்கம் கூலண்ட் ஒழுகியிருந்தது. டோ செய்து அதே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால், ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும், 78,000 ஆகும் என்கிறார்கள். "பார்ட் சரியில்லாததற்கு நாங்கள் என்ன செய்வது, சூடான பிறகும் ஓட்டியது நீங்கள்" என்று கையை விரித்துவிட்டு, வண்டியை எடுக்காவிட்டால் நாளுக்கு 300 ரூபாய் பார்க்கிங் என்றும் சொல்கிறார்களாம். போலீசுக்குப் போகலாமா, கேஸ் போடலாமா என்பது கேள்வி.

நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போடலாம். ஆனால் அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டாம், அந்த ஹவுசிங்கையும் தொட வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்புக்கு இன்றே எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். இந்த மாதிரி வழக்குகளில் பலர் தோற்பது சட்டம் தெரியாமல் இல்லை, பழுதான பார்ட் பழைய இரும்புக்குப் போன பிறகு வக்கீலைத் தேடி வருவதால்தான். சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருக்குத்தான் என்று 2021-ல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் நிரூபணம் முழுவதும் அந்த உள்ளங்கை அளவு ஹவுசிங்கில் இருக்கிறது.

அதனால் வெளியாள் ஒருவரை வைத்து வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயர் (வண்டிச் சேதத்தை மதிப்பிடுபவர்) அல்லது ஆட்டோமொபைல் இன்ஜினீயர் யாராவது, இன்னொரு மெக்கானிக்கின் வாய்வார்த்தை உதவாது. என்றைக்கு, எத்தனை மணிக்கு வந்து பார்க்கப் போகிறார் என்று ஒர்க்‌ஷாப்புக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், அப்போதுதான் எங்களுக்குத் தெரியாமல் செய்தார்கள் என்று பிறகு சொல்ல முடியாது. அவரிடம் பொதுவாக "ரிப்போர்ட் கொடுங்கள்" என்று கேட்காமல் கேள்விகளாக எழுதிக் கொடுங்கள். ஹவுசிங்கில் விரிசல் இருக்கிறதா, இருந்தால் போல்ட் துளையை ஒட்டித் தொடங்குகிறதா (பிளாஸ்டிக் ஹவுசிங்கில் போல்ட்டை அளவுக்கு மேல் அல்லது ஒரு பக்கமாக இறுக்கினால் பெரும்பாலும் அங்கேதான் விடும்). ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) நசுங்கியோ அறுபட்டோ இருக்கிறதா. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்துதான் வால்வைத் திறக்கும், பல இன்ஜின்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்தாக வேண்டும், எனவே வெந்நீரில் போட்டுப் பார்த்து இது எந்தச் சூட்டில் திறக்கிறது என்றும் எழுதச் சொல்லுங்கள். புது தெர்மோஸ்டாட் போட்ட பிறகு சிஸ்டத்தில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும், அதை அவசரமாக முடித்திருந்தால் ஏர்லாக் ஆகி இன்ஜின் சூடாகும். இதில் ஏதாவது ஒன்று உறுதியானாலும் வழக்கு உங்கள் பக்கம் நன்றாகவே சாயும். பார்ட்டை வெளியே எடுத்த பிறகு போட்டோ எடுத்து, கவரில் போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைத்துவிடுங்கள். அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால் அந்த மறுப்பையே சர்வேயர் குறித்துக்கொள்ளட்டும்.

"பார்ட் கம்பெனி தப்பு" என்ற பதில் உங்களிடம் செல்லாது. பார்ட்டைத் தேர்ந்தெடுத்ததும் வாங்கியதும் பொருத்தியதும் அவர்கள், நீங்கள் பணம் கொடுத்ததும் அவர்களுக்குத்தான். ஜே.சி. ரோட்டில் நீங்களே போய் வாங்கிக் கொடுத்திருந்தால் விஷயம் வேறு, அப்போது அந்தக் கடையையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டி வரும்.

சரி, சூடான பிறகும் ஓட்டினீர்கள் என்கிறார்களே, அதற்கு வருவோம். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு சுமார் 2 கிலோமீட்டர் ஓட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை மறைக்காதீர்கள், இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவு இருந்தால் ஸ்கேன் செய்யும்போது வெளியே வந்துவிடும், ஒரு பொய் மாட்டிக்கொண்டால் மீதி உண்மைக்கும் மதிப்புப் போய்விடும். தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவில் பாதுகாப்பாக ஒதுங்க இடம் தேடித்தான் ஓட்டினேன் என்பதை அப்படியே சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. கூலண்ட் வடிந்துவிட்டால் சென்சார் திரவத்தில் இல்லாமல் ஆவியில் நிற்கும், அப்போது முள் உண்மையான சூட்டைக் காட்டாமலே போகலாம். முள் ஏறுவதற்கு முன்பே இன்ஜின் கெட்டிருக்க வாய்ப்பு உண்டா என்பதையும் சர்வேயரிடம் கேளுங்கள். ஆணையம் உங்கள் பங்கு என்று கொஞ்சம் கழிக்கலாம், அதற்காக அவர்களின் குறைபாடு இல்லாமல் ஆகிவிடாது.

பார்க்கிங் மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-ன்படி, வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். அந்த 6,800-ஐ நீங்கள் கொடுத்து முடித்துவிட்டீர்கள், புது வேலைக்கு இன்னும் சம்மதிக்கவே இல்லை. பிறகு எந்தக் கூலிக்காகப் பிடித்து வைப்பார்கள்? இதையும் எழுத்தில் கேளுங்கள். அதே சமயம், சர்வேயர் பார்த்து முடித்ததும் வண்டியை அங்கேயே விட்டுவைக்காமல் வேறு இடத்துக்கு எடுத்துவிடுவதுதான் நல்லது, வேலைக்குப் போகும் மனிதருக்கு வண்டி வேண்டும். வேறு ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், எஸ்டிமேட்டைவிட உண்மையில் செலவழித்த பில்லுக்கு மதிப்பு அதிகம்.

போலீஸ் வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி, உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இன்சூரன்ஸையும் நம்பி உட்கார வேண்டாம், சாதாரண மோட்டார் பாலிசியில் மெக்கானிக்கல் பழுது விலக்கப்பட்டிருக்கும்.

நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் சேவைக் குறைபாடு என்பதற்குள் கவனக்குறைவும் அடங்கும். பில் தராததே அந்தச் சட்டப்படி நியாயமற்ற வர்த்தக நடைமுறை, அதையும் புகாரில் சேருங்கள். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் பெங்களூரு நகர்ப்புற மாவட்ட ஆணையமே போதும், கார் தமிழ்நாட்டில் நின்றதே என்று குழம்ப வேண்டாம். கட்டணமும் இல்லை. எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல, சேவைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் கணக்கு, 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், தெர்மோஸ்டாட் மாற்றிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

நம் ஆட்கள் பலர் மொழியை நினைத்தே தயங்குவதைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். புகாரை ஆங்கிலத்தில் கொடுக்கலாம். தமிழில் நடந்த வாட்ஸ்அப் பேச்சுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள் (2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63). 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், சில நேரம் அந்த அழைப்பிலேயே ஒர்க்‌ஷாப் இறங்கி வந்துவிடும்.

வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை, ஆனாலும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று அனுப்புங்கள். 6,800, டோ செலவு, புது ரிப்பேர் பில், சர்வேயர் கட்டணம், வண்டி இல்லாத நாட்களில் ஆன டாக்ஸி செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்றெல்லாம் போடாதீர்கள், நியாயமான தொகையைக் கேட்பவரைத்தான் ஆணையம் நம்பும். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும். நடுவில் அவர்கள் சமரசத்துக்கு வந்தால், உங்கள் செலவில் பெரும்பகுதி கிடைக்கிறது என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து.