வருமானம் ஏறினால் எரிசக்தி எப்படி ஏறும்?

கேள்வி: வளரும் நாடு ஒன்றின் வருமானம் இரண்டு மடங்கானால் எரிசக்திப் பயன்பாடும் இரண்டு மடங்காகுமா?

பதில்: அப்படி நேர்க்கோட்டில் போகாது. தொடக்கத்தில் ஏழை வீடுகள் விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறும்போது பயன்பாடு குறையக்கூடச் செய்யும். விறகு அடுப்பின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்தில் ஏறுகிறது. எரிவாயு அடுப்பில் ஏறுவது பாதிக்கும் மேல். ஒரு கிலோ எரிவாயுவில் முடியும் சமையலுக்குப் பத்து கிலோவுக்கும் அதிகமான விறகு வேண்டும். விறகைச் சேர்க்காத புள்ளிவிவரத்திலோ அதே வீட்டின் பயன்பாடு கூடியதாகத் தெரியும்! எரிவாயு இணைப்பு வந்த அன்றே விறகு நின்றுவிடாது; கையில் பணமில்லாத மாதங்களில் பழைய அடுப்பு மறுபடி எரியும். ஆகவே எத்தனை இணைப்பு என்று எண்ணுவதைவிட, ஒரு வீடு ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்குகிறது என்று பார்ப்பதே சரி.

சாலை, பாலம், அடுக்குமாடி எழும்பும் கட்டம்தான் பெரும் தீனி கேட்பது. இரும்புத் தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு செய்ய முக்கால் டன் அளவுக்கு நிலக்கரி போகும். அப்போது வருமானத்தை முந்திக்கொண்டு எரிசக்தி ஏறலாம். 2002 முதல் 2005 வரை சீனாவில் அதுதான் நடந்தது. பிறகு சேவைத் துறை பெருகி, பழைய இரும்பை மின் உலையில் உருக்குவது கூடும்போது வேகம் தணியும். பணக்கார நாடுகளில் தெரியும் தணிவு முழுவதும் சிக்கனம் அல்ல. இறக்குமதியான பொருளுக்கு எரிந்த எரிபொருள், அதைச் செய்த நாட்டின் கணக்கில் விழுகிறது.

கேள்வி: வீடுகளில் மின்தேவையை அதிகம் ஏற்றுவது எது?

பதில்: வெப்ப நாடுகளில் ஏசி. விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். சாதாரண மின்விசிறிக்கு 75 வாட் என்றால், ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் சுமார் 1,500 வாட் இழுக்கும். இருபது விசிறிகளுக்குச் சமம். ஊரிலுள்ள ஏசி எல்லாம் ஒரே புழுக்கமான இரவில் ஓடுவதுதான் பெரிய சிக்கல். ஆண்டின் மொத்த யூனிட்டைவிட உச்சத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும் அதிகபட்ச மின்சாரம், வேகமாக ஏற, ஆண்டில் சில நூறு மணி நேரத்துக்காகவே மின்நிலையமும் மின்மாற்றியும் அமைக்க வேண்டியதாகிறது.

ஏசியைப் பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்றிவிடலாம், கட்டடத்தை மாற்ற முடியாது. அதனால் கட்டும்போதே கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள்; மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் நிழல் கொடுங்கள். உள்ளே திரை போடுவது அவ்வளவாக உதவாது. கண்ணாடியைத் தாண்டிய வெயிலில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடும், அதை வெளியேற்றும் வேலையும் ஏசியின் தலையில்தான் விழும்.