பிடித்த ஃபேன்டசி தொடரின் கடைசிப் புத்தகம் உங்களை ஏமாற்றியதுண்டா?

உண்டு. கிறிஸ்டோபர் பயோலினியின் எராகன் தொடர். அதன் கடைசிப் புத்தகமான ‘இன்ஹெரிட்டன்ஸ்’ 2011-இல் வந்தது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன்.

பயோலினி எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. அதனாலோ என்னவோ, முதல் பாகத்தின் சிறுபிள்ளைத்தனங்கள் எதுவும் எனக்கு உறுத்தவில்லை. கதாநாயகன் எராகனின் நீல டிராகன் சஃபிரா வாயைத் திறந்தால் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகும். மூன்று பாகம் என்றார், அப்புறம் நான்கு என்றார். சரி என்று காத்திருந்தேன்.

காத்திருந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு பச்சை முட்டை. கொடுங்கோல் மன்னன் கால்படோரிக்ஸிடம் மிஞ்சியிருந்த கடைசி டிராகன் முட்டை அது. டிராகன் தனக்கேற்ற ஆளைக் கண்டால்தான் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். யாருக்காக வரும்? எராகனின் உறவுக்காரன் ரோரனா, கிளர்ச்சிப்படைத் தலைவி நாசுவாடாவா, எல்ஃப் இனத்து இளவரசி ஆர்யாவா என்று படித்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசிப் புத்தகத்தின் அட்டையிலேயே பச்சை டிராகன்! உள்ளே 800 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. ஊர் ஊராக முற்றுகை, ரோரனின் சண்டைகள், எல்லாம் விலாவாரியாக. முட்டை பொரியும் காட்சி மட்டும் இல்லை. மன்னன் செத்து, போர் முடிந்த பிறகு, ஒருநாள் ஆர்யா ஏறி உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்ட அந்தப் பச்சை டிராகன் ஃபிர்னெனோடு வந்து இறங்குகிறாள். நடந்ததை எராகனுக்கு வாயால் சொல்கிறாள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஆல்பம் காட்டி அனுப்பினது மாதிரி இருந்தது.

கால்படோரிக்ஸின் சாவைப் பலர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். அவன் இத்தனை காலம் அடுத்தவர்களுக்குக் கொடுத்த வலியை எல்லாம் அவனே உணரும்படி எராகன் செய்கிறான். தாங்கமுடியாமல் அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். வாள்வீச்சில் ஜெயிக்கவே முடியாத எதிரிக்கு அதுதான் பொருத்தமான முடிவு.

எனக்கு ஆறாதது எராகன் நாட்டைவிட்டே போவது. டிராகன்களை வளர்க்க மனிதர்கள் இல்லாத இடம் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் இனி திரும்பவே மாட்டான் என்று ஏன்? பறக்கும் டிராகன் கையில் இருக்கிறது. ஆர்யா ராணியாகவும் இருக்கிறாள், டிராகனும் வைத்திருக்கிறாள். அவளால் இரண்டையும் சமாளிக்க முடியுமென்றால் இவன் எப்போதாவது வந்துபோனால் என்ன குறைந்துவிடும்? முதல் பாகத்தில் மூலிகைக்காரி ஏஞ்சலா எலும்புகளை உருட்டிக் குறி சொல்லிவிட்டாள் என்பதைத் தவிர எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. எராகனும் ஆர்யாவும், தெரிந்தவர் கையில் தங்களையே ஒப்படைப்பதற்குச் சமமான ரகசிய மெய்ப்பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய பிறகு, குறி பலிக்க வேண்டுமே என்று பிரித்துவைத்த மாதிரிதான் பட்டது.

2023-இல் ‘மர்டாக்’ வந்ததும் ஓடிப்போய் வாங்கினேன். அது எராகனின் அண்ணன் மர்டாக்கும் அவனுடைய டிராகன் தோர்னும் போகும் தனிக்கதை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எராகன், ஆர்யா விஷயம் அப்படியே தொங்குகிறது.